பிள்ளைகளுக்கு மண்ணை எங்கிருந்து காட்டத் தொடங்குவது? (இருப்பது 12க்கு 8 அடி)

பூவரசு | ஜூன் 7

நீடாமங்கலம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து எடுக்கிறேன். 31 பிள்ளைகள். மழைக்காலத்தில் சேறாகிறது என்று வளாகம் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். மிஞ்சியது சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் 12க்கு 8 அடியும், அதன் ஓரத்தில் ஒரு பூவரச மரமும்தான்.

சென்ற ஆண்டு இருபது வளர்ப்புப் பைகளில் கொத்தமல்லி போட்டோம். கடையில் கலந்து விற்ற கலவை. முளைத்தது, மூன்றாம் வாரம் மஞ்சளானது, செத்தது. 'டீச்சருக்குச் செடி வளர்க்கத் தெரியாது' என்பதைத் தவிர அதிலிருந்து பிள்ளைகள் எதையும் கற்கவில்லை.

ஆண்டுத் தேர்வில் 'மண் என்றால் என்ன?' என்று கேட்டிருந்தேன். 'கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியது' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அவனுடைய அப்பா நான்கு மா (ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல்) நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். நடவுக்கும் இயந்திரம், அறுப்புக்கும் இயந்திரம் என்றான பிறகு பிள்ளைகளுக்கு வயலில் வேலையே இல்லை. மண்ணுக்குத் திரும்ப உயிர் கொடுக்கிற மீளுருவாக்க வேளாண்மை என்று பெரிய பெயரெல்லாம் படிக்கிறேன். 31 பேரை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் எதிலிருந்து தொடங்குவது?

வெண்ணாற்றான் | ஜூன் 7

டீச்சர் அம்மா, முதலில் அந்தப் பையனுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள். வயலிலிருந்து வந்து கை கழுவாமல் இலையில் உட்கார்ந்தால் என் வீட்டில் இன்றைக்கும் திட்டு விழும், எனக்கு 66 வயது.

ஒன்றும் வாங்காதீர்கள். மேட்டூரைத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரச் சில நாள் ஆகும். ஆழ்குழாய்க் கிணறு இல்லாத வயல்கள் இப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கின்றன. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். ஆளுக்கு ஒரு தென்னை ஈர்க்குச்சி கொடுத்து, வெடிப்புக்குள் விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். என் வயலில் முழங்கால் வரை போகும். தண்ணீர் பாய்ந்து சில நாள் கழித்துப் போனால் வெடிப்பு இருந்த இடமே தெரியாது. காய்ந்தால் சுருங்குவது, நனைந்தால் உப்புவது, இதுதான் நம் களியின் குணம். இப்போது விட்டுவிட்டால் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும்.

கொல்லைப்புறம் | ஜூன் 8

ஐயா சொல்வது வயலோரம் இருப்பவர்களுக்குச் சரி. கும்பகோணத்தில் எங்களுக்கு வாய்த்தது ஒரு முற்றமும் மொட்டை மாடியும். என் இரண்டு பிள்ளைகளுக்கும் வெடிப்பைக் காட்டினால் ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், பிறகு கைப்பேசியைக் கேட்பார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தியது சிறுகீரை. 25 நாளில் பறித்துக் கடைந்து சோற்றில் போட்டுவிடலாம். அக்கா, பையைக் குறை சொல்ல வேண்டாம். உள்ளே போட்ட கலவைதான் தப்பு.

ஆடுதுறைப்பக்கம் | ஜூன் 8

வேளாண்மைத் துறையில் 30 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். கொத்தமல்லி செத்த கதையை அப்படியே விட்டுவிடாதீர்கள், நல்ல பாடம் அது.

கடைக் கலவையில் பெரும்பகுதி தேங்காய் நார்த்தூளாக இருந்திருக்கும். மக்காத நார்த்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) நூறு பங்குக்கும் மேல் கரிமம் (கார்பன்) இருக்கிறது. அவ்வளவு கரிமத்தைத் தின்னப் புறப்படும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தும் வேண்டும். பையில் இருந்த கொஞ்சத்தையும் அவையே எடுத்துக்கொண்டிருக்கும். பந்தியில் அவை முந்தி உட்கார்ந்துவிட்டன, கொத்தமல்லிக்கு இலை கிடைக்கவில்லை. அடியிலை முதலில் மஞ்சளானதா என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அது தழைச்சத்துப் பட்டினி.

மண்ணைத் தொடுவதற்கு முன் மூன்று கண்ணாடிப் புட்டிகளைத் தேடுங்கள். பூவரச மரத்தடி மண், நடைபாதையோர மண், வயல் மண், மூன்றையும் தனித்தனிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிவிடும். வண்டல் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். களி இறங்க ஒரு நாள், சில வேளை அதற்கும் மேல். மறுநாள் காலையில் அளவுகோலை வைத்து அடுக்குகளை அளந்தால் கணக்குப் பாடமும் முடிந்துவிடும்.

அடுத்தது கட்டியைக் கரைப்பது. காய்ந்த மண்கட்டியைக் கொசுவலைத் துண்டில் வைத்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குங்கள். மரத்தடிக் கட்டி வெகுநேரம் உருக்குலையாமல் நிற்கும். மிதிபட்ட இடத்துக் கட்டி பொலபொலவென்று உதிரும். பொரி உருண்டையும் மாவுருண்டையும் நினைவுக்கு வரட்டும். பொரியைப் பிடித்து வைத்திருப்பது வெல்லப்பாகு. மண்ணில் அந்தப் பாகைச் சுரப்பவை பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வேர்களும்தான். அவற்றுக்குத் தீனி போடாத மண்ணில் பாகு கிடையாது.

பூவரசு | ஜூன் 10

நேற்றே போய்விட்டோம். ஈர்க்குச்சி இரண்டு முறை உள்ளே விழுந்து தொலைந்தது. அதிக அளவு 41 சென்டிமீட்டர். வெடிப்புக்குள் ஒரு நண்டு ஓட்டைப் பார்த்ததும் அளவெடுப்பு அத்தோடு நின்றுவிட்டது. அடியிலைதான் முதலில் மஞ்சளானது என்று மூன்று பெண்கள் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கே நினைவில்லை.

இயற்கைவழி | ஜூன் 11

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? யூரியா மண்ணைக் கொல்கிறது, உழுவது மண்ணைக் கொல்கிறது. இந்த இரண்டையும் பிள்ளைகள் மனத்தில் பதிய வைத்தால் போதும். பஞ்சகவ்யம் தெளியுங்கள், மண்ணை இலைதழையால் மூடி மூடாக்குப் போடுங்கள், முடிந்தது.

வெண்ணாற்றான் | ஜூன் 11

உழாமல் நடவு எப்படித் தம்பி? சேற்றுழவு அடிப்பது தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க. சேறு கலங்காத வயலில் நாற்றும் நிற்காது, முறைத் தண்ணீரும் நிற்காது. மாடியில் கீரை போடுகிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

கொல்லைப்புறம் | ஜூன் 11

மாடிக் கீரை என்ன பாவம் செய்தது ஐயா?

ஆடுதுறைப்பக்கம் | ஜூன் 11

சண்டை வேண்டாம். சேற்றுழவு நெல்லுக்கு உரிய ஏற்பாடு. டீச்சரின் 12க்கு 8 அடி புன்செய்ப் பாத்தி, அதைக் கிளறாமலே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே விதியில் கட்ட முடியாது.

ஆனால் உழாமல் விதைப்பது வெளியிலிருந்து வந்த புதுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப் பயறையும் தூவுகிறோமே, அதற்கு யார் உழுகிறார்கள்? யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்? மிச்ச ஈரத்திலும் பனியிலும் முளைத்து, நெல் தாளே மூடாக்காக நின்று, தழைச்சத்தை மண்ணில் சேர்த்துவிட்டுப் போகிறது. கிளறாமை, மூடாக்கு, பயிர் மாற்றம், உயிர்வேர் எப்போதும் மண்ணில் இருப்பது என்று மீளுருவாக்க வேளாண்மைக்குச் சொல்கிறவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு வழக்கத்தில் இருக்கின்றன. தாத்தாவைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

யூரியாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதை நஞ்சு என்று வகுப்பில் சொல்லாதீர்கள். மாலையில் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், குத்தகைக் கணக்கில் தவிக்கிற அப்பாவைக் குற்றவாளியாகப் பார்க்கும். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து, கரிமம் சேர்க்கும் வேலையை அது செய்யாது என்று சொல்லுங்கள். மண்வள அட்டை 2015 முதல் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். எடுத்துவரச் சொல்லி, அங்ககக் கரிமம் என்ற ஒரு வரியை மட்டும் படியுங்கள். 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் அதிகம்.

இயற்கைவழி | ஜூன் 12

உரக்கடைக்காரர் போலப் பேசுகிறீர்கள். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா பிறந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படியா?

நெறியாளர் | ஜூன் 12

ஆளைப் பற்றி வேண்டாம், மண்ணைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

செவிலி மன்னை | ஜூன் 13

யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். மண்ணைத் தொடட்டும், ஆனால் வெறுங்காலோடு வேண்டாம். கொக்கிப்புழு பாதத்தோல் வழியாகத்தான் ஏறுகிறது. சாணத்தைப் பச்சையாகப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், நன்றாக மக்கியதாக இருக்கட்டும். காலில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளையைத் தேங்கிய நீரில் இறக்க வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. 10 வயதில் போட வேண்டிய ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டாயிற்றா என்று ஒரு முறை பாருங்கள். சோப்பு என்று எழுதிய பையன் எனக்குப் பிடித்தமானவன்.

வேதாரண்யத்துக் காற்று | ஜூன் 15

எங்கள் பக்கத்துக் கதை வேறு. கொல்லையில் காலை ஊன்றினால் வெள்ளை பூத்திருக்கும். புட்டிச் சோதனையோடு இன்னொன்றும் சேருங்கள். சங்குப்பூவைக் கொதிக்கவைத்து நீலச் சாறு எடுத்து, முதலில் எலுமிச்சை பிழிந்து காட்டுங்கள், ஊதாவாகும். வெற்றிலைச் சுண்ணாம்புத் தெளிவை விட்டால் பச்சையாகும். பிறகு மழைநீரில் கரைத்துத் தெளிந்த மண்சாற்றை விடுங்கள். மாற்றம் மங்கலாகத்தான் தெரியும், வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். களர் மண் என்றால் பச்சைப் பக்கம் சாயும்.

2004 சுனாமியில் உப்பேறிய நாகப்பட்டினம் மாவட்டத்து நிலங்களை மீட்டபோது மழைநீரைத் தேக்கி உப்பை வடிய விட்டதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கியதும் எங்களுக்கு நினைவிருக்கிறது. நம்மாழ்வார் ஐயாவும் அப்போது வந்து வேலை செய்தார். உப்பைத் தாங்கி வளர்கிற பசுந்தாள் உரச் செடி அது. சாக்கு விரித்த ஒரு பெட்டியிலும் விதைக்கலாம். பூக்கிற சமயத்தில், 45 நாளுக்குள், பிள்ளைகளே வெட்டி மண்ணில் அமுக்கிவிடலாம்.

மணலில் ஒரு தஞ்சாவூரான் | ஜூன் 20

துபாயிலிருந்து. வெளிநாடுகளில் பிள்ளைகளை வைத்துப் பருத்தி ஜட்டியை மண்ணில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். மண்ணில் உயிர் அதிகம் என்றால் இடுப்பு நாடா மட்டும்தான் மிஞ்சும். சிரிப்புக்குச் சிரிப்பு.

பூவரசு | ஜூன் 20

ஜட்டி என்றால் ஒரு வாரத்துக்கு வகுப்பு நடக்காது. பழைய வேட்டியைக் கிழித்துக்கொள்கிறேன்.

பூவரசு | ஆகஸ்ட் 24

நடந்ததைச் சொல்கிறேன், பெரும்பாலும் கெட்ட செய்தி.

சத்துணவுக்கூடத்துக் காய்கறித் தோலையும் முட்டை ஓட்டையும் சேர்த்து மூலையில் உரக்குவியல் போட்டோம். ஆளுக்கு ஒரு முட்டை என்று பார்த்தால் பள்ளி முழுவதற்கும் ஒரு நாளைக்கு எத்தனை ஓடு வரும், பாருங்கள். ஒன்பதாம் நாள் நாற்றம் தாங்காமல் சமையல் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பெருச்சாளி வேறு வந்து தோண்டிப் போட்டது. தலைமையாசிரியர் மூடச் சொன்னார்.

ஆடுதுறை ஐயாவிடம் தனிச்செய்தியில் கேட்டேன். காய்த்தோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 15, 20 பங்கு கரிமம்தானாம். வைக்கோலில் 60க்கும் மேலாம். இரண்டும் கலந்து 30க்குப் பக்கத்தில் வந்தால் நாறாது என்றார். வைக்கோலுக்கு எங்கே போவது? இயந்திரம் அறுத்துப் போட்டதைக் கட்டுக் கட்டாகச் சுருட்டி வெளியூருக்கு ஏற்றிவிடுகிறார்கள். நெல் விளைகிற ஊரில் வைக்கோலைக் கடன் கேட்டு அலைந்தேன். கடைசியில் அந்தச் சோப்புப் பையன் வீட்டுப் போரிலிருந்து இரண்டு சுமை வந்தது. ஒரு கை தோல், இரண்டு கை வைக்கோல், மேலே ஒரு கை மண் என்று அடுக்கினோம். நாற்றம் நான்கு நாளில் போனது. கையை உள்ளே விட்டால் சுடுகிறது என்று ஒருத்தி கத்தியபோது 31 பேரும் வரிசையில் நின்றார்கள். சமையல் அம்மாவும் நின்றார்.

முட்டை ஓடு மட்டும் மக்குவதாகத் தெரியவில்லை. இடித்துப் போட வேண்டுமாம்.

புட்டியில் எங்கள் வயல் மண் இரண்டு நாள் கழித்தும் தெளியவில்லை.

வெண்ணாற்றான் | ஆகஸ்ட் 24

வைக்கோலை விற்காதவன் எவன் அம்மா? மாடு இருந்தபோது வைக்கோல் மாட்டுக்குப் போய், எருவாக வயலுக்குத் திரும்பியது. இப்போது அந்தச் சுற்று அறுந்துவிட்டது. என் வீட்டிலும் தொழுவத்தில் இருசக்கர வண்டிதான் நிற்கிறது. அறுப்பு முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டி வருவார்கள். இரண்டு இரவு வயலில் ஆட்டை அடைத்துக் கிடை போட்டால் அந்த வயலை அடுத்த போகத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். மாசி, பங்குனியில் வந்தால் சொல்லி அனுப்புகிறேன், பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்கவும் விடுவார்கள்.

பூவரசு | நவம்பர் 19

மழை. பாத்தி நான்கு நாள் தண்ணீருக்குள் இருந்தது. வெண்டை, கத்தரி, கொத்தவரை எல்லாம் போய்விட்டன. பொன்னாங்கண்ணி மட்டும் 'இதற்குத்தானே காத்திருந்தேன்' என்பது போல நிற்கிறது. பாத்தியை முக்கால் அடி உயர்த்த வேண்டும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கொல்லைப்புறம் | நவம்பர் 19

மாடிக்கு வந்துவிடுங்கள் அக்கா, இங்கே வெள்ளம் வராது. சொல்லிக் காட்டவில்லை.

பூவரசு | ஜனவரி 6

நவம்பர் தொடக்கத்தில் புதைத்த வேட்டித் துணிகளை நேற்று எடுத்தோம். ஒரே அளவில் நான்கு துண்டு. பூவரச மரத்தடியில் போட்டதில் தையல் ஓரமும் நாலு இழையும்தான் மிச்சம். உரம் போட்ட பாத்தியில் பாதி இல்லை. நடைபாதையோரத் துணி கறையேறியதே தவிர முழுசாக இருக்கிறது.

நான்காவது அந்தப் பையனின் அப்பா சம்பா நட்ட வயலில். கருத்து, அழுகிய முட்டை போல நாறிக்கொண்டு, கிட்டத்தட்ட முழுசாக வந்தது. 'அப்படியென்றால் எங்கள் வயல் செத்த மண்ணா டீச்சர்?' என்று கேட்டுவிட்டான். மற்றவர்கள் வேறு சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யாராவது உடனே எழுதுங்கள்.

ஆடுதுறைப்பக்கம் | ஜனவரி 6

செத்த மண் இல்லை, மூச்சை அடக்கிய மண். தண்ணீர் நின்றால் காற்று உள்ளே போகாது. துணியை வேகமாகத் தின்கிற உயிர்களுக்குக் காற்று வேண்டும். காற்றில்லாமல் வாழத் தெரிந்தவை மெதுவாகத்தான் தின்னும், அவற்றில் சில விடுகிற வாயுதான் அந்த முட்டை நாற்றம். ஒரே துணிச் சோதனையை மரத்தடிக்கும் நஞ்சைக்கும் போட்டு ஒப்பிடக் கூடாது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

நாளை அந்த வயலிலிருந்து ஒரு நெல் தூரை மண்ணோடு பெயர்த்துவரச் சொல்லுங்கள். மெல்ல அலசினால் மண் நீலச் சாம்பல் நிறமாகவும், வேரை ஒட்டி மட்டும் துருப்பிடித்த செம்பழுப்பாகவும் இருக்கும். நெல் தன் தண்டுக்குள் இருக்கிற காற்றுக் குழல் வழியாக மேலிருந்து மூச்சை வேருக்கு இறக்குகிறது. வேரிலிருந்து கசிகிற அந்தக் காற்று பட்டு, சுற்றியுள்ள இரும்பு துருவாகிறது. மற்ற பயிர் மூச்சு முட்டிச் சாகிற இடத்தில் நெல் தானே காற்றைக் கொண்டு போகிறது. அவன் வயலை அவனே வகுப்புக்குக் காட்டட்டும்.

பூவரசு | ஜனவரி 7

காட்டினான். துரு இருந்தது. நேற்று சிரித்தவர்கள் இன்று வேரைத் தொட வரிசையில் நின்றார்கள், அவன் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கொடுத்தான்.

பூவரசு | மார்ச் 4

அந்த வயலில் அறுப்புக்கு எட்டு நாள் முன்பு அவன் அப்பா உளுந்து தூவியபோது பிள்ளைகளையும் வரப்போரமாக ஆளுக்கு ஒரு கைப்பிடி தூவ விட்டார். பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. நேற்று போய்ப் பார்த்தோம். உளுந்துச் செடியைப் பிடுங்கி, வேரில் தழைச்சத்தைச் சேர்க்கிற முடிச்சுகளை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று ஆடுதுறை ஐயா முன்பே சொல்லி வைத்திருந்தார்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. இயந்திரம் போன தடத்தில் நீளவாக்கில் இரண்டு பட்டை, செடியே கிடையாது. பட்டையின் ஓரத்தில் தப்பித்த ஒன்றிரண்டைப் பிடுங்கினால், நேராக இறங்க வேண்டிய ஆணிவேர் இரண்டு விரற்கடைக்குக் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. முடிச்சும் கைவிரலால் எண்ணிவிடலாம். பையன் இரண்டு செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்திருக்கிறான். 'தடம் விழுந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது?' என்று கேட்கிறான். அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமாம்.

வெண்ணாற்றான் | மார்ச் 4

அடுத்த அறுப்புக்கு ஈரம் நன்றாக வடிந்த பிறகு இயந்திரத்தை இறக்கச் சொல்லுங்கள். உளுந்து எடுத்ததும், கோடை மழை கிடைத்தால் அந்தப் பட்டையில் தக்கைப்பூண்டு தூவட்டும், அதன் வேர் இறங்கும். மற்றதை வெயில் பார்த்துக்கொள்ளும். சித்திரையில் அந்தத் தடத்திலும் வெடிப்பு ஓடும், மண் தானே பிளந்து இளகும். அவனை ஈர்க்குச்சி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தடத்தில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு என்று அளந்து எனக்கும் எழுதட்டும்.

கீதாரிகள் கோவில்வெண்ணிப் பக்கம் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை வருகிறீர்களா?